சுவிட்ச் போர்ட் டிராஃபிக்கை அளக்க எந்த வழி?

மேனேஜ்டு சுவிட்சில் (அமைப்பை மாற்றவும் கண்காணிக்கவும் வசதியுள்ள நெட்வொர்க் சுவிட்ச்) போர்ட் டிராஃபிக்கைப் பார்க்க ஆறு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: சுவிட்சின் வெப் பக்கம் அல்லது கமாண்ட் லைன், எஸ்என்எம்பி, ஆர்மான், எஸ்ஃப்ளோ, போர்ட் மிரரிங், ஸ்ட்ரீமிங் டெலிமெட்ரி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 64 பிட் கவுண்டர்களை (போர்ட்டில் போன பைட்களைக் கூட்டிக்கொண்டே போகும் எண்கள்) 60 நொடிக்கு ஒருமுறை எஸ்என்எம்பி (சுவிட்சிடம் எண்களைக் கேட்டு வாங்கும் நெறிமுறை) வழியாக எடுத்து, கூடவே பிழைக் கவுண்டர்களையும் டிஸ்கார்ட் (எறியப்பட்ட ஃப்ரேம்) கவுண்டர்களையும் சேமித்து வைத்தால் பெரும்பாலான நெட்வொர்க்குகளுக்கு அதுவே போதும். அப்லிங்க் போர்ட்களில் (அடுத்த சுவிட்சுக்கோ ரௌட்டருக்கோ போகும் போர்ட்கள்) மட்டும், பாக்கெட்களைச் சாம்பிள் எடுத்துக் காட்டும் எஸ்ஃப்ளோவைச் சேர்த்துக்கொள்ளலாம். மற்றவற்றுக்கும் இடம் உண்டு, ஆனால் சிறிய இடம்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். முதலாவது திசை. 'இன்' என்றால் சுவிட்சுக்குள் வருவது, 'அவுட்' என்றால் சுவிட்சிலிருந்து வெளியேறுவது. சர்வர் ஒன்று பெரிய ஃபைலை டவுன்லோட் செய்தால் அது இணைந்திருக்கும் போர்ட்டில் 'அவுட்' ஏறும். இதைத் தலைகீழாகப் படித்துவிட்டு, அப்லோட் செய்யும் மெஷினைத் தேடி அலைவது அடிக்கடி நடக்கிற கூத்து.

இரண்டாவது, கவுண்டர் எதை எண்ணுகிறது என்பது. ஈதர்நெட் ஃப்ரேமின் (கம்பியில் போகும் ஒரு தரவுப் பொட்டலம்) பைட்கள் எண்ணப்படும். ஹெடரும் கடைசி 4 பைட் செக்சம்மும் அதில் அடங்கும். ஃப்ரேமுக்கு முன்னால் போகும் 8 பைட் ப்ரியாம்பிளும், இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவே விடப்படும் 12 பைட் இடைவெளியும் கணக்கில் வராது. ஃப்ரேம் பெரிதாக இருக்கும்வரை இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் 64 பைட் ஃப்ரேம்களாகவே போனால் 1 ஜிபிபிஎஸ் போர்ட் நொடிக்கு 14,88,095 ஃப்ரேமில் நிரம்பிவிடும். அப்போது கிராஃப் காட்டுவது 762 எம்பிபிஎஸ்தான். 'இன்னும் கால்வாசி மிச்சம் இருக்கிறதே' என்று நினைக்கும் நேரத்தில் அந்தப் போர்ட் மூச்சு முட்டிக்கொண்டிருக்கும். குரல் அழைப்புகளும் சிறு பாக்கெட் தாக்குதல்களும் உள்ள இடத்தில் பைட் எண்ணிக்கையோடு பாக்கெட் எண்ணிக்கையையும் எடுப்பது இதனால்தான்.

வெப் பக்கமும் கமாண்ட் லைனும்

கேபிளை மாற்றிவிட்டு 'இப்போது சரியாகிவிட்டதா?' என்று பார்க்க இதைவிட வேகமான வழி இல்லை. தனியாக எதையும் நிறுவ வேண்டியதும் இல்லை. பிழைகளின் உட்பிரிவுகளும் இங்கேதான் விரிவாகக் கிடைக்கும்: சிஆர்சி (செக்சம் பொருந்தாதது), ரன்ட் (மிகச் சிறிய ஃப்ரேம்), ஜயன்ட் (மிகப் பெரிய ஃப்ரேம்), லேட் கொலிஷன் (தாமதமான மோதல்) என்று தனித்தனியாக.

வேகத்தைக் காட்டும் வரியை மட்டும் அப்படியே நம்பக்கூடாது. சிஸ்கோ சுவிட்சுகளில் அது இயல்பாக 5 நிமிட நகரும் சராசரி. டிராஃபிக் நின்ற பிறகும் எண் மெதுவாகத்தான் இறங்கும். அந்தச் சராசரியின் கால அளவான லோட் இன்டர்வலை 30 நொடிக்குக் குறைத்தால் ஓரளவு நிகழ்காலத்துக்கு வரும்.

பிழை தேடும்போது மொத்த எண்ணிக்கையைப் பார்ப்பதில் பயனில்லை. சுவிட்ச் ஓடத் தொடங்கியதிலிருந்து சேர்ந்த 4,000 சிஆர்சி பிழை, என்றோ ஒரு நாள் கேபிளை அசைத்ததால் வந்ததாகவும் இருக்கலாம். பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை எண்ணைக் குறித்து வித்தியாசத்தைப் பாருங்கள். கவுண்டரை அழிப்பதும் ஒரு வழிதான், ஆனால் அதன் விளைவு பிராண்டுக்கு பிராண்ட் மாறும். சிஸ்கோவில் கமாண்ட் லைன் எண்கள் மட்டும் பூஜ்ஜியமாகும். எஸ்என்எம்பி எண்கள் தொடர்ந்து ஓடும். வேறு சிலவற்றில் இரண்டும் சேர்ந்து பூஜ்ஜியமாகி, கிராஃபில் ஒரு பள்ளம் விழும். குறித்துக் கழிப்பதில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

விலை குறைந்த 'ஸ்மார்ட்' சுவிட்சுகள் சிலவற்றில் வெப் பக்கம் மட்டுமே இருக்கும். அதிலும் பாக்கெட் எண்ணிக்கை மட்டுமே காட்டும். பாக்கெட் ஒன்று 64 பைட்டாகவும் இருக்கலாம், 1518 பைட்டாகவும் இருக்கலாம் என்பதால் அதிலிருந்து எம்பிபிஎஸ் கணக்கிட வழியே இல்லை. அந்தப் பக்கத்தை ஸ்கிரிப்ட் வைத்துப் படித்து கிராஃப் போடுபவர்கள் உண்டு. ஃபர்ம்வேர் புதுப்பித்ததும் பக்கத்தின் அமைப்பு மாறி ஸ்கிரிப்ட் படுத்துவிடும்.

எஸ்என்எம்பி

பழைய நெறிமுறை, அழகானதும் இல்லை. ஆனாலும் எல்லா பிராண்டிலும் ஒரே எண்ணில் ஒரே பொருளைத் தருவது இது ஒன்றுதான். கலெக்டர் (எண்களைத் திரட்டிச் சேமிக்கும் மென்பொருள்) யுடிபி 161-இல் கேட்கும், சுவிட்ச் பதில் சொல்லும். போர்ட்களுக்கான தரப்படுத்தப்பட்ட அட்டவணை ஆர்எஃப்சி 2863 என்ற இணையத் தர ஆவணத்தில் இருக்கிறது. அன்றாடம் வேண்டியவை இவ்வளவுதான் (புள்ளி வைத்த எண், அட்டவணையில் அந்தத் தகவலின் முகவரி):

1.3.6.1.2.1.31.1.1.1.6 – உள்ளே வந்த பைட்கள், 64 பிட்
1.3.6.1.2.1.31.1.1.1.10 – வெளியே போன பைட்கள், 64 பிட்
1.3.6.1.2.1.2.2.1.13, 14 – உள்வரும் டிஸ்கார்ட், உள்வரும் பிழை
1.3.6.1.2.1.2.2.1.19, 20 – வெளிச்செல்லும் டிஸ்கார்ட், வெளிச்செல்லும் பிழை
1.3.6.1.2.1.31.1.1.1.15 – போர்ட் வேகம், எம்பிபிஎஸ் அளவில்
1.3.6.1.2.1.31.1.1.1.1, 18 – போர்ட்டின் பெயர், நீங்கள் கொடுத்த விளக்கம்

பலர் விழும் குழி 32 பிட் கவுண்டர். 1.3.6.1.2.1.2.2.1.10-உம் 16-உம் அந்தப் பழைய கவுண்டர்கள். சுமார் 429.5 கோடி பைட் ஆனதும் அவை மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். 100 எம்பிபிஎஸ் முழுவேகத்தில் 5 நிமிடம் 43 நொடியில் ஒரு சுற்று முடியும். 1 ஜிபிபிஎஸ் என்றால் 34 நொடி. 10 ஜிபிபிஎஸ் என்றால் மூன்றரை நொடிகூட ஆகாது. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு போர்ட்டில் 5 நிமிடம் சீராக 500 எம்பிபிஎஸ் ஓடுகிறது. மொத்தம் 1,875 கோடி பைட். 64 பிட் கவுண்டரில் இந்த வித்தியாசம் அப்படியே கிடைக்கும். 8-ஆல் பெருக்கி 300-ஆல் வகுத்தால் 500 எம்பிபிஎஸ். 32 பிட் கவுண்டர் அதே நேரத்தில் நான்கு முறை சுற்றி முடித்திருக்கும். மிஞ்சுவது 157 கோடி பைட், அதாவது 42 எம்பிபிஎஸ். கிராஃபில் கோடு சீராகத்தான் ஓடும். பிழைச் செய்தி வராது. எண் மட்டும் பன்னிரண்டில் ஒரு பங்காக இருக்கும். இப்படிப்பட்ட கிராஃபை நம்பி 'லிங்க் சும்மா கிடக்கிறது' என்று முடிவெடுத்தால் அவ்வளவுதான்.

கலெக்டர் மென்பொருளைப் பொறுத்து இந்தக் கோளாறு வேறு வடிவமும் எடுக்கும். கவுண்டர் குறைந்தால் ஒருமுறை சுற்றியதாக எடுத்துக்கொள்ளும் கருவிகள் உண்டு. புரோமீதியஸ் என்ற கண்காணிப்புக் கருவி அப்படிச் செய்யாது. எந்தக் குறைவையும் சுவிட்ச் ரீஸ்டார்ட் ஆகி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கியதாகவே கொள்ளும். எப்படியானாலும் மருந்து ஒன்றுதான்: 64 பிட். அதற்கு எஸ்என்எம்பி பதிப்பு 2சி அல்லது 3 வேண்டும். பதிப்பு 1-இல் 64 பிட் கவுண்டர் வகையே கிடையாது. போர்ட் வேகத்துக்கான பழைய புலமும் 32 பிட்தான். 4.29 ஜிபிபிஎஸ்ஸுக்கு மேல் அதனால் சொல்ல முடியாது. 10 ஜிபிபிஎஸ் போர்ட்டின் பயன்பாடு 230 சதவீதம் என்று வந்தால் அந்தப் புலத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

எத்தனை நொடிக்கு ஒருமுறை கேட்பது? 5 நிமிடம் என்பது எம்ஆர்டிஜி என்ற பழைய கிராஃப் கருவியின் காலத்து வழக்கம். இன்றைக்கும் பல கருவிகளின் இயல்பு அமைப்பு அதுவே. 1 ஜிபிபிஎஸ் போர்ட் 10 நொடி முழுதாக நிரம்பி வழிந்தாலும் 5 நிமிடச் சராசரியில் அது 33 எம்பிபிஎஸ் மேடாகத்தான் தெரியும். 60 நொடி இடைவெளியில் 167. யாருடைய அழைப்பு துண்டிக்கப்பட்டதோ அவரிடம் இந்தக் கிராஃபை நீட்ட முடியாது. அப்படியென்றால் 1 நொடிக்கு இறக்கிவிடலாமே என்றால், அங்கே வேறு சிக்கல். பல சுவிட்சுகள் ஹார்டுவேர் கவுண்டரைச் சில நொடிக்கு ஒருமுறைதான் படித்து, அந்த நகலை எஸ்என்எம்பிக்குக் கொடுக்கின்றன. அதைவிட வேகமாகக் கேட்டால் ஒரு முறை பூஜ்ஜியம், அடுத்த முறை இரட்டிப்பு என்று கோடு ரம்பப் பல் போலாகும். சுவிட்சின் சின்ன சிபியுவும் திணறும். 30 முதல் 60 நொடி நடுவாந்தரம். மிக முக்கியமான இரண்டு மூன்று அப்லிங்க்குகளுக்கு மட்டும், சுவிட்ச் தாங்கினால், 10 நொடி.

சேமிப்பிலும் ஒரு கண் இருக்கட்டும். ஆர்ஆர்டி (அளவு மாறாமல் சுழற்சியாக எழுதும் தரவுக் கோப்பு) வகைக் கருவிகள் பழைய தரவைச் சராசரியாக்கிச் சுருக்கும். சென்ற மாதத்து உச்சம் இந்த மாதம் பார்த்தால் தேய்ந்திருக்கும். சராசரியோடு அதிகபட்ச மதிப்பையும் தனியே சேமிக்கும்படி தொடக்கத்திலேயே அமைக்க வேண்டும். பிறகு சேர்த்தால் போனது போனதுதான்.

சுவிட்சில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. படிக்க மட்டும் உரிமையுள்ள பதிப்பு 3 பயனர் ஒன்று, ஷா அங்கீகாரமும் ஏஇஎஸ் குறியாக்கமும் சேர்த்து. பதிப்பு 2சிதான் முடியும் என்றால் கடவுச்சொல் போல இயங்கும் கம்யூனிட்டி பெயர் வெறும் எழுத்தாகவே கம்பியில் போகிறது என்பதை நினைவில் வைத்து, 'பப்ளிக்' என்ற இயல்புப் பெயரை மாற்றி, கலெக்டரின் ஐபி முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஒவ்வொரு போர்ட்டுக்கும் விளக்கம் எழுதுங்கள். போர்ட்டின் உள்எண் ரீஸ்டார்ட்டுக்குப் பின்னும் மாறாமல் இருக்கும்படி அமைக்கும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையேல் கலெக்டர் போர்ட்டைப் பெயரால் அடையாளம் காணும்படி செய்யுங்கள். இதைச் செய்யாத இடத்தில், ஸ்டாக்கில் (ஒன்றாய் இணைத்த சுவிட்சுகளில்) ஒரு சுவிட்ச் சேர்த்த மறுநாள் 12-ஆம் போர்ட்டின் கிராஃபில் 40-ஆம் போர்ட்டின் டிராஃபிக் ஓடும்.

அமைத்து முடித்ததும் சோதித்தே ஆக வேண்டும். ஐபெர்ஃப் என்ற வேகச் சோதனைக் கருவி கொண்டு டிசிபியில் 300 எம்பிபிஎஸ் அளவுக்குச் சில நிமிடம் ஓட்டுங்கள். கவுண்டரில் சுமார் 314 வர வேண்டும். ஐபெர்ஃப் உள்ளடக்கத்தின் 1448 பைட்டை மட்டும் எண்ணும். சுவிட்ச் முழு ஃப்ரேமின் 1518-ஐ எண்ணும் என்பதே வித்தியாசம். 300-க்குக் கீழே வந்தால் 32 பிட் கவுண்டரையோ தவறான போர்ட்டையோ பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னும் இரண்டு இடறல். பல போர்ட்களைச் சேர்த்துக் கட்டிய லாக் இணைப்பில் கூட்டுப் போர்ட் 50 சதவீதம் காட்டும்போது உறுப்புப் போர்ட் ஒன்று 100 சதவீதத்தில் திணறிக்கொண்டிருக்கலாம், ஏனென்றால் ஒரே இணைப்பின் பாக்கெட்கள் எல்லாம் ஒரே கம்பியில்தான் போகும். ஆகவே உறுப்புப் போர்ட்களைத் தனித்தனியே எடுக்க வேண்டும். விலான் (மெய்நிகர் தனி நெட்வொர்க்) இன்டர்ஃபேஸின் கவுண்டரோ பல சுவிட்சுகளில் சிபியு தொட்ட பாக்கெட்களை மட்டுமே எண்ணும். சிப்பிலேயே கடந்துபோகும் டிராஃபிக் அதில் தெரியாது.

பிழைக் கவுண்டர்கள் எதைச் சொல்கின்றன

டிராஃபிக் கிராஃப் எல்லோரிடமும் இருக்கும்; பிழை கிராஃப் பலரிடம் இருக்காது. உண்மையில் தொலைபேசி ஒலிப்பதற்கு முன்பே சிக்கலைச் சொல்வது இரண்டாவதுதான்.

சிஆர்சி பிழை ஏறினால் கேபிள், கனெக்டர், எஸ்எஃப்பி (போர்ட்டில் செருகும் மாட்யூல்), அழுக்கான ஃபைபர் முனை என்ற வரிசையில் பாருங்கள். ஒரு முனையில் சிஆர்சியும் ரன்ட்டும், மறுமுனையில் லேட் கொலிஷனும் ஏறினால் அது டூப்ளெக்ஸ் பொருந்தாமை (ஒரு முனை இரு திசையிலும் ஒரே நேரத்தில் இயங்க, மறுமுனை மாறி மாறி இயங்குவது). ஒரு பக்கம் வேகத்தைக் கையால் நிர்ணயித்து மறுபக்கம் தானியங்கியாக விட்டதன் பலன். சிஆர்சி பல போர்ட்களில் ஒரே நேரத்தில் தெரிந்தால், கட்-த்ரூ சுவிட்ச் ஒன்று கெட்ட ஃப்ரேமை முழுதாகப் பார்க்காமலே அடுத்த சுவிட்சுக்குக் கடத்துகிறதா என்று பாருங்கள். அப்படியானால் குற்றவாளி வேறு சுவிட்சில் இருப்பார். ஜயன்ட் என்றால் எம்டியு (அனுமதிக்கப்படும் அதிகபட்ச பாக்கெட் அளவு) பொருந்தவில்லை.

வெளிச்செல்லும் டிஸ்கார்ட் தனி ரகம். ஃப்ரேம் நன்றாகவே இருக்கிறது, வரிசையில் நிற்க இடமில்லாமல் எறியப்பட்டது. இரண்டு 1 ஜிபிபிஎஸ் போர்ட்கள் முழுவேகத்தில் மூன்றாவது 1 ஜிபிபிஎஸ் போர்ட்டை நோக்கி அனுப்பினால் நொடிக்கு 125 மெகாபைட் மிகுதி. காத்திருக்கும் ஃப்ரேம்களை வைக்கும் பஃபர் 1.5 மெகாபைட் என்றால் 12 மில்லி நொடியில் நிரம்பிவிடும். எந்தச் சராசரிக் கிராஃபும் இதைக் காட்டாது. கிராஃப் 20 சதவீதத்தில் தூங்கிக்கொண்டிருக்க, டிஸ்கார்ட் மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் கதை இதுதான். வேகமாகக் கேட்பதைவிட இந்தக் கவுண்டரைக் கேட்பது மலிவு.

ஆர்மான்

சுவிட்சே தன்னுள் கணக்கு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு, ஆர்எஃப்சி 2819. புள்ளிவிவரம், வரலாறு, அலாரம், நிகழ்வு ஆகிய நான்கு பகுதிகள்தான் பெரும்பாலான சுவிட்சுகளில் உண்டு. இரண்டு காரணத்துக்கு இன்றும் உதவும். 64, 65–127, 128–255 என்று ஃப்ரேம் அளவு வாரியாகப் பிரித்து எண்ணும். மற்றது, கலெக்டரோடு தொடர்பு அறுந்தாலும் வரலாறு சுவிட்சில் தங்கும், ஆனால் ரீஸ்டார்ட் ஆனால் போய்விடும். அலாரத்துக்கு மேல்வரம்பு, கீழ்வரம்பு இரண்டும் கொடுக்கலாம் என்பதால் எல்லையில் ஊசலாடும் எண் மணிக்கு நூறு எச்சரிக்கை அனுப்பாது. கலெக்டர் இருக்கும் இடத்தில் இதற்கென்று தனியாக மெனக்கெடத் தேவையில்லை.

எஸ்ஃப்ளோ

எஸ்என்எம்பி 'இந்த போர்ட்டில் 900 எம்பிபிஎஸ்' என்பதோடு நின்றுவிடும். 'யாருடையது?' என்ற கேள்வி உடனே வரும். அதற்கு எஸ்ஃப்ளோ. சுவிட்ச் சிப் ஆயிரத்தில் ஒரு பாக்கெட் என்ற கணக்கில் எடுத்து, அதன் முதல் 128 பைட்டை யுடிபி 6343-இல் கலெக்டருக்கு அனுப்பும். மூல முகவரி, சேருமிடம், விலான், பயன்பாட்டுப் போர்ட் எல்லாம் அதில் இருக்கும். கூடவே போர்ட் கவுண்டர்களையும் அதே வழியில் தானாகவே அனுப்பிவைக்கும், கேட்க வேண்டியதில்லை. நெட்ஃப்ளோவும் ஐபிஃபிக்ஸும் பாக்கெட்களைத் தொடர்களாகத் திரட்டிக் கணக்குக் கொடுக்கும் வேறு முறை; ரௌட்டர்களிலும் விலை உயர்ந்த சுவிட்சுகளிலும் அதிகம்.

சாம்பிள் என்பதால் துல்லியம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். 95 சதவீத நம்பிக்கையில் பிழை, 196-ஐ, நாம் அளக்கும் மெஷினுக்கு விழுந்த சாம்பிள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவதைத் தாண்டாது, சதவீதத்தில். 500 எம்பிபிஎஸ், சராசரி 800 பைட் பாக்கெட், ஆயிரத்தில் ஒன்று என்று வைத்தால் நொடிக்கு 78 சாம்பிள், நிமிடத்துக்கு சுமார் 4,700. டிராஃபிக்கில் பாதியை விழுங்கும் மெஷினின் கணக்கு 4 சதவீதத்துக்குள் சரியாக இருக்கும். ஒரு சதவீதம் மட்டும் எடுப்பவரின் கணக்கில் 29 சதவீதம் வரை தடுமாறும். பெருந்தீனிக்காரரைப் பிடிக்க இது தாராளமாகப் போதும். பில் போட உதவாது. பில்லுக்கு 64 பிட் கவுண்டர்தான்.

1 ஜிபிபிஎஸ் போர்ட்டுக்கு ஆயிரத்தில் ஒன்று, 10 ஜிபிபிஎஸ்ஸுக்கு இரண்டாயிரத்தில் ஒன்று என்று தொடங்கலாம். உள்வரும் திசையில் மட்டும் சாம்பிள் எடுங்கள். இரு திசையிலும் எடுத்தால் ஒரே பாக்கெட் உள்ளே வரும்போது ஒருமுறை, போகும்போது ஒருமுறை எண்ணப்பட்டு மொத்தம் இரட்டிப்பாகும்.

போர்ட் மிரரிங்

ஒரு போர்ட்டின் பாக்கெட்களை எல்லாம் இன்னொரு போர்ட்டுக்கு நகலெடுத்து வயர்ஷார்க் என்ற பாக்கெட் ஆய்வுக் கருவியில் பார்ப்பது. புள்ளிவிவரத்துக்காக இதை நிரந்தரமாக ஓட்டுவது வீண் வேலை. 1 ஜிபிபிஎஸ் போர்ட் இரு திசையும் நிரம்பினால் நகல் 2 ஜிபிபிஎஸ். அது 1 ஜிபிபிஎஸ் போர்ட்டில் எப்படி நுழையும்? பாதி எறியப்படும், அந்த இழப்பு அசல் டிராஃபிக்கில் நடந்ததா நகலில் நடந்ததா என்று கேப்சரை வைத்துச் சொல்ல முடியாது. சிஆர்சி கெட்ட ஃப்ரேம்கள் பெரும்பாலும் நகலுக்கே வருவதில்லை. கேபிள் கோளாறு தேட இதை நம்பினால் எல்லாம் சுத்தமாகத் தெரியும். நகல் போகும் போர்ட் வழக்கமான வேலைக்கும் உதவாது. டிசிபி மறு அனுப்பல், டிஎன்எஸ் தாமதம் என்று பாக்கெட்டின் உள்ளே பார்க்க வேண்டிய அரைமணி நேரத்துக்கு மட்டும் எடுத்து, முடிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

ஸ்ட்ரீமிங் டெலிமெட்ரி

கலெக்டர் கேட்பதற்குப் பதில் சுவிட்சே சில நொடிக்கு ஒருமுறை தரவைத் தள்ளும். ஜிஎன்எம்ஐ இதற்கான நெறிமுறை. போர்ட் விழுந்தது போன்ற மாற்றங்களை நடந்த உடனே அனுப்பும். நூற்றுக்கணக்கான சுவிட்சுகள் உள்ள டேட்டா சென்டரில் எஸ்என்எம்பியை விட இது நன்றாக விரியும். பத்துப் பதினைந்து சுவிட்சுக்கு, அதுவும் பல பிராண்ட் கலந்து இருந்தால், ஒவ்வொன்றின் தரவு வடிவத்தோடும் மல்லுக்கட்டும் உழைப்புக்குப் பலன் குறைவு.

எதற்கு எது

ஒன்றிரண்டு சுவிட்ச், புகார் வந்தால் மட்டும் பார்ப்பது என்றால் கமாண்ட் லைனே போதும். மூன்றுக்கு மேல் போனாலோ, 'நேற்று மாலை ஏன் மெதுவாக இருந்தது?' என்ற கேள்வி ஒருமுறை வந்தாலோ எஸ்என்எம்பி கலெக்டர் ஒன்றை நிறுவுங்கள். ஆர்மான் வரலாறு இயங்காத சுவிட்சிடம் நேற்றைய எண்ணை இன்று வாங்க முடியாது. லிப்ரேஎன்எம்எஸ், ஸாபிக்ஸ், புரோமீதியஸ் மூன்றும் இலவசம். கிராஃப் உடனே வேண்டும் என்பவருக்கு முதலாவது, மற்ற சர்வர்களையும் சேர்த்துக் கண்காணிப்பவருக்குப் பின்னிரண்டு. இணைய லிங்க் அடிக்கடி நிரம்பி யார் காரணம் என்ற சச்சரவு வரும் இடத்தில் அந்த லிங்க்கில் எஸ்ஃப்ளோ. 95-ஆவது சதமான முறையில் (உச்ச 5 சதவீத மாதிரிகளைக் கழித்து மிஞ்சியதில் உச்சத்துக்குக் கட்டணம்) பில் வரும் லிங்க் என்றால் 5 நிமிட மாதிரிகளையே தனியாக வைத்திருங்கள்: 30 நாளில் 8,640 மாதிரி, அதில் உச்சமான 432 கழிக்கப்படும், அதாவது 36 மணி நேரம். 60 நொடி மாதிரிகளை வைத்துக் கணக்குப் போட்டால் பில்லோடு பொருந்தாது.

புது சுவிட்ச் வாங்கும்முன் விவரக் குறிப்பில் தேட வேண்டியவை: எஸ்என்எம்பி பதிப்பு 3, ஆர்எஃப்சி 2863, எஸ்ஃப்ளோ பதிப்பு 5. 'எஸ்என்எம்பி உண்டு' என்று மட்டும் போட்டிருந்தால் 64 பிட் கவுண்டர் உண்டா என்று தனியாகக் கேளுங்கள். சோதனைக்கு ஒரு சுவிட்ச் கிடைத்தால், 1.3.6.1.2.1.31.1.1.1.6-ஐ டிராஃபிக் ஓடும்போது நொடிக்கு ஒருமுறை என்று ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள். எண் எத்தனை நொடிக்கு ஒருமுறை மாறுகிறதோ, அதைவிடக் குறைவான இடைவெளியை அந்த சுவிட்சுக்கு வைக்க வேண்டாம்.